சமூகப் பணி முதுகலை: பாடமும் களமும்
சமூகப் பணி முதுகலைப் படிப்பில் வகுப்பறையைவிடக் களப்பயிற்சியே என்னை அதிகம் சோதிக்கிறது. உதவி நாடி வருபவரோடு சமூகப் பணியாளர் கொள்ளும் உறவுக்கென அமெரிக்கப் பேராசிரியர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வகுத்துரைத்த ஏழு நெறிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வது எளிது. ஆனால், தன்னை அடித்த கணவரிடமே திரும்பிச் செல்ல முடிவெடுத்த பெண்ணின் எதிரில் அமர்ந்து, அந்நெறிகளுள் ஒன்றின்படி அவருடைய தன்முடிவுரிமையை மதித்துக்கொண்டே, அவருடைய பாதுகாப்புக்கான திட்டத்தையும் அவரோடு சேர்ந்து வகுப்பது மிகக் கடினம். சந்திப்பு முடிந்தபின், அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்குள் எழுந்த உணர்வு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி மேற்பார்வையாளரிடம் அளிக்கிறேன். சமூகக் கொள்கை, ஆய்வுமுறை ஆகியனவும் பாடங்களே (புள்ளியியலைப் பலரும் சகித்துக்கொள்கிறோம்). அந்த ஏழில் மற்றொரு நெறியான இரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு: குழந்தைக்கு ஆபத்து எனத் தெரிந்தால் உரியவர்களிடம் தெரிவிப்பது கடமை என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.