கொலோனை விடுங்கள், ஷ்பையரைப் பாருங்கள்

ஜெர்மன் பேராலயம் என்றாலே எல்லோரும் கொலோன் படத்தைத்தான் போடுகிறார்கள். எனக்கு ரைன் கரையிலுள்ள ஷ்பையர்தான் பிடிக்கும். பேரரசர் இரண்டாம் கொன்ராட் 1030 வாக்கில் தொடங்கிய கட்டடம். நிலவறையில் 8 பேரரசர்களும் மன்னர்களும் அடக்கம்.

ஆனால் சுவாரசியமான கதை ஆலயத்துக்கு வெளியேதான். 1084-இல் ஆயர் ரூடிகர் யூதர்களை அழைத்துக் குடியமர்த்தினார். இதனால் ஊரின் பெருமை ஆயிரம் மடங்கு கூடும் என்று சாசனத்திலேயே எழுதிவைத்தார். (வியாபாரமும் கூடும், சும்மாவா!) 1096-இல் சிலுவைப்போர்க் கும்பல் யூதர்களைத் தாக்க வந்தபோது, அடுத்த ஆயர் பெரும்பாலானோரைக் காப்பாற்றிவிட்டார். பக்கத்து வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஷ்பையர் யூதர்கள் கட்டிய சடங்குக் குளியல் தொட்டி, சுமார் 10 மீட்டர் ஆழத்தில், இன்றும் இருக்கிறது.

அப்புறம் 1689. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை ஷ்பையரையும் வோர்ம்ஸையும் எரித்தது. பேராலயத்தின் மேற்குப் பாதி இடிந்தது. இப்போது எல்லோரும் செல்ஃபி எடுக்கும் முகப்பு 1850-களில் கட்டியது.