முன் தளத்தில் உட்கார்ந்திருந்தான்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஜூலை 4 விடுமுறைக்கு டாலஸ் பக்கத்தில் இருக்கும் லூயிஸ்வில் ஏரியில் ஒரு பான்டூன் படகை, அதாவது மிதவைக் குழாய்கள் மேல் தட்டையான தளம் வைத்த படகை, வாடகைக்கு எடுத்தோம். நாலு குடும்பம். புளியோதரை, தயிர் சாதம், ஐஸ் பெட்டி நிறைய பீர்.

ஓட்டியது என் நண்பர். ஒரு பீர் குடித்தாலும் கார் சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுகிற ஆள். அன்று மதியத்துக்குள் நாலு முடித்திருந்தார். எங்கள் யாருக்கும் அது உறுத்தவில்லை, எனக்கும்தான். டெக்சாஸில் படகில் உட்கார்ந்து குடிப்பது குற்றமில்லை. ஆனால் ஓட்டுபவருக்குக் காரில் உள்ள அதே வரம்புதான், ரத்தத்தில் 0.08 சதவீதம் ஆல்கஹால். மீறினால் முதல் தடவையே 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். இதெல்லாம் நான் அப்புறம் தேடிப் படித்தது.

என் மைத்துனன் கம்பித் தடுப்புக்கு வெளியே, முன் தளத்தின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். லைஃப் ஜாக்கெட் இருக்கைக்கு அடியில். குறுக்கே ஒரு ஸ்பீட் போட் சீறிக்கொண்டு போனது. அது கிளப்பிய அலை கிட்டே வந்த பிறகுதான் நண்பர் கவனித்தார். பதறிப்போய் த்ராட்டிலை ஒரேயடியாகக் குறைத்தார்.

படகுக்கு பிரேக் கிடையாது. வேகத்தைச் சட்டென்று குறைத்தால் பான்டூனின் மூக்கு தண்ணீரில் குத்தும். விளிம்பில் இருப்பவர் முன்னால் விழுவார், படகு அவர் மேலேயே போகும், பின்னால் ப்ரொப்பெல்லர். மைத்துனன் சரிந்துவிட்டான். ஒரு கை மட்டும் கம்பியைப் பிடித்திருந்தது. நானும் இன்னொருவரும் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டோம். கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை. பிள்ளைகள்கூட.

ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சிவப்புக் கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஓட்டுபவர் தன் உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டியது அது. அவர் தண்ணீரில் விழுந்தால் இன்ஜின் நின்றுவிடும். இந்த மாதிரிப் படகை வேகமாக ஓட்டும்போது அதை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கா முழுக்கச் சட்டமே இருக்கிறது.

நாலு பீர் தரையில் செய்வது வேறு, தண்ணீரில் செய்வது வேறு. வெயில், காற்று, இன்ஜின் இரைச்சல், ஓயாத ஆட்டம், இவை மட்டுமே ஒருவரைத் தளர்த்திவிடும். அதன் மேல் போதையும் சேர்கிறது. குடித்தவர் தண்ணீரில் விழுந்தால் எது மேல், எது கீழ் என்றுகூடக் குழம்பிவிடலாம். அதனால் ஓட்டுபவர் மட்டும் குடிக்காமல் இருந்தால் போதும் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்கில், 2022-இல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 636 பேர். நாலில் மூன்று பேர் மூழ்கித்தான் இறந்தார்கள். அப்படி மூழ்கியவர்களில் 85 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. எங்கள் படகில் பெரியவர்கள் ஒருவர்கூடப் போட்டிருக்கவில்லை.

போன கோடையில் மறுபடி போனோம். அதே நண்பர்தான் ஓட்டினார். கிளம்பும் முன்பே கயிற்றைத் தன் ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டு, "தடுப்புக்கு வெளிய யாரும் போகக் கூடாது, போனா படகை எடுக்க மாட்டேன்" என்றார். ஐஸ் பெட்டியில் மோரும் தர்பூசணியும் இருந்தன. மைத்துனன் நடு இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். என் மனைவி மட்டும் வரவில்லை. கரையிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.