புதிய இசைக்கு இரண்டாவது தடவையும் வேண்டும்

நம் காலத்து மேற்கத்தியச் செவ்வியல் இசையமைப்பாளர்களின் படைப்புகள் மட்டுமே கொண்ட கச்சேரி ஒன்றைக் கேட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன். மனசு நிறைந்திருக்கிறது.

ஒரு குரல், புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1912-ல் 'பியரோ லூனேர்' என்ற படைப்பை எழுதியதும் இதே சிறு குழுவுக்குத்தான். நூறு வருஷம் தாண்டியும் புதியவர்கள் இதற்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

முன்வரிசையில் இருந்ததால் பாடகியின் கை நன்றாகத் தெரிந்தது. சுரம் பிடிக்க உதவும் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதோரம் வைக்கிறார். சுற்றி எந்த வாத்தியமும் அந்தச் சுரத்தை எடுத்துக் கொடுப்பதில்லை. அதை மட்டும் நம்பி உச்சத்தில் நேராகப் போய் நிற்க வேண்டும். நின்றார்! அப்புறம் பாட்டு பேச்சாகி, பேச்சு வெறும் மூச்சானது. அமெரிக்க இசையமைப்பாளர் கரோலைன் ஷாவுக்கு 2013-ல் புலிட்சர் பரிசு வாங்கித் தந்ததும் பேச்சும் கிசுகிசுப்பும் மூச்சும் கலந்த, எட்டுக் குரல்களுக்கான படைப்புதான்.

செல்லோவில் வில்லை, தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்கிற மரத்துண்டுக்கு ஒட்டி இழுத்தபோது வந்த அந்தச் சொரசொரப்பான, உலோகம் போன்ற ஒலி இன்னும் காதில் இருக்கிறது. கடைசிப் படைப்பு மட்டும் ரொம்ப நீளம்.

என் ஆதங்கம் ஒன்றுதான். புதிய படைப்பை ஒரு தடவை அரங்கேற்றிவிட்டு அப்படியே மறந்துவிடுகிறோம். முதல் தடவை காது வழி தேடுவதற்கே சரியாகிவிடுகிறது. 1918-ல் ஷோன்பெர்க் வியன்னாவில் தொடங்கிய சங்கத்தில் புதிய படைப்புகளைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். கச்சேரி நடத்துகிறவர்களே, இடைவேளைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை என்று வையுங்களேன். நான் இரண்டுக்கும் இருப்பேன்.