மேகம் மூடிய குமரியில் வானமில்லாத படங்கள்

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், குமரி மாவட்டத்தில் சூரிய உதயம், மலைமுகடு, பொன்வெயில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதான். பொழுது விடிவதற்குள் மேகம் இறங்கி மலையைப் பாதிக்கு மேல் மூடிவிடுகிறது. வானத்தில் ஒரு கீற்றுகூட இல்லாத சாம்பல் பூச்சு. இந்த சீசனில் வானத்துக்காகக் காத்துக் கிடப்பதை விட்டுவிட்டு, ஃபிரேமிலிருந்து வானத்தையே வெளியேற்றிவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துக்கொண்டு வருகிறேன். நிறையவே மிஞ்சுகிறது.

முதலில் போனது மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலாகப் பாசனத் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குக் கொண்டுபோக 1966-இல் கட்டியது, 28 தூண்கள், 115 அடி உயரம். வருகிறவர்கள் பெரும்பாலும் மேலே நடந்து, அங்கிருந்தே பள்ளத்தாக்கைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மழைநாளில் படம் கீழேதான் இருக்கிறது. படியிறங்கிப் போய், தூண்களுக்கு நடுவே அந்தப் பக்கத்து மரக்கூட்டம் மட்டும் தெரிகிற மாதிரி நின்றால் வானம் தானாகவே வெளியே போய்விடும். வெயில் நாளில் இதே தூண் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கரியாகிக் கிடக்கும். மேகமூட்டத்தில் நாலு பக்கமும் ஒரே சீராக வெளிச்சம் விழுவதால் கான்கிரீட்டில் தண்ணீர் வழிந்த கறை, வார்ப்புப் பலகை பதிந்த அச்சு, பாசி எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. குடை பிடித்த ஒருவர் கீழே நடந்து போகும்வரை பொறுத்திருந்து எடுத்த படத்தில்தான் அந்த உயரம் என்னவென்று புரிகிறது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றியபோது இன்னும் அழுத்தமாக வந்தது.

அதைவிட மனசுக்குப் பிடித்துப்போனது குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம். வரிசை வரிசையாக நட்ட மரங்கள், எல்லா மரத்திலும் இடமிருந்து வலமாகச் சரியும் அதே வெட்டு, வடியும் ரப்பர் பாலைப் பிடிக்க அதன் கீழே கட்டிய சிரட்டை (தேங்காய் ஓடு), மழைத்தண்ணீர் வெட்டில் இறங்காமலிருக்கப் பட்டையைச் சுற்றி ஒட்டிய பிளாஸ்டிக் பாவாடை. தோட்டத்தில் நின்ற பால்வெட்டுக்கார அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். “மழை கொட்டினா பாலு சிரட்டையில நிக்காது மக்ளே, எல்லாம் வழிஞ்சு போவும், நீ எடு” என்றார். மழை அடித்த திசையில் மட்டும் பட்டை கறுத்திருக்கும், மறுபக்கம் சாம்பல் நிறம் அப்படியே இருக்கும். எல்லா மரத்திலும் ஒரே பக்கம் கறுப்பு என்பதால், தூரத்தை அருகில் இழுக்கும் 135 எம்எம் டெலி லென்ஸில் வரிசைகளை நெருக்கிப் பிடித்தால் தோட்டம் முழுவதும் ஒரே கோடுபோட்ட துணி மாதிரி ஆகிவிடுகிறது. இலைகளில் தண்ணீர் மினுங்குவதால் பச்சை வெளிறிவிடும், அதற்குப் போலரைசர் ஃபில்டரைத் திருகினால் மினுக்கம் அடங்கிப் பச்சை ஆழமாக எழும்பி வரும். ஃபில்டர் ஒன்றரை ஸ்டாப், அதாவது மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சத்தைத் தின்றுவிடும், மர நிழலில் டிரைபாட் இல்லாமல் கதை நடக்காது.

அப்புறம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல். மலைக்கு இடையிலுள்ள கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பிய்த்துக்கொண்டு வருவதால்தான் அங்கே அத்தனை காற்றாலைகள். மேகமூட்டத்தில் வெள்ளைக் கோபுரத்தை வெள்ளை வானத்துக்கு எதிரே வைத்தால் ஒன்றும் நிற்காது, கரைந்துவிடும். இருட்டிக் கிடக்கும் மலையடிவாரத்தைப் பின்னணியாக வைத்து, மேகம் தொடங்கும் இடத்துக்குக் கீழேயே ஃபிரேமை வெட்டினால் ஒவ்வொரு இறக்கையும் எடுப்பாக நிற்கிறது. ஷட்டர் கால் விநாடி திறந்திருக்கும்படி வைத்தால் இறக்கை மட்டும் கலைந்து, கோபுரம் அசையாமல் இருக்கும், அதுதான் எனக்கு வேண்டியது. வேகமாகச் சுற்றும் பழைய சின்ன காற்றாலைகளும் நிதானமாகச் சுற்றும் பெரியவையும் ஒரே படத்தில் வந்தால் இந்தக் கலைதலிலேயே வித்தியாசம் தெரியும், அது ரொம்ப அழகு. அந்தக் காற்றில் டிரைபாடில் பையைத் தொங்கவிடக் கூடாது, பை ஆடினால் கேமராவும் ஆடும். நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை அகட்டி, தாழ வைத்தால் போதும்.

திற்பரப்பு அருவியில் தண்ணீர் பெருகிக் கலங்கி, செம்மண் நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. பட்டுப்போன்ற அருவிப் படம் அந்த நிறத்தில் வராது. பக்கவாட்டுப் பாறையில் ஒட்டிய பாசியையும் ஈரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

ஒன்று நன்றாக விளங்கிவிட்டது. மேகமூட்டத்தில் 16 எம்எம், 24 எம்எம் மாதிரியான அகல லென்ஸ் பையிலேயே இருக்கட்டும். அதைக் கண்ணில் வைத்தாலே பாதி ஃபிரேம் வெற்று வானமாகிவிடும். டெலி லென்ஸ்தான் வேண்டாததை வெட்டித் தருகிறது. இன்னொரு விஷயம், சாம்பல் வெளிச்சத்தில் ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) நடுவில் குவிந்துவிடும், அதைப் பார்த்துப் பதறி எடிட்டிங்கில் கான்ட்ராஸ்டைக் கண்டபடி ஏற்றினால் மழைநாளின் மென்மை போய்விடும். நான் கறுப்பை மட்டும் கொஞ்சம் இறக்குகிறேன், வெள்ளையைத் தொடுவதில்லை.

அடுத்தது புத்தளம் உப்பளம். உப்பு வாருவது மழையால் நின்று பாத்திகளில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது வரப்புகள் மட்டும் கறுப்புக் கோடுகளாகத் தெரியும், அங்கே வெறும் சாம்பல் வானம்கூட தண்ணீரில் பிரதிபலித்துப் படத்துக்கு உபயோகப்படும் என்று நினைக்கிறேன். இரண்டு வரப்பு சந்திக்கும் மூலைகளை மட்டும் 200 எம்எம்-இல் எடுத்துப் பார்க்கப் போகிறேன், மழை சற்று ஓயட்டும்.