பிரசவ வலி வந்தபின் கேட்க வேண்டியவை

பாம்பனிலிருந்தோ தொண்டியிலிருந்தோ 108-ல் ஏறும்போது அம்மாவோ மாமியாரோ கூட வரட்டும். அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் ஒரு பெண் துணை இருக்கலாம். கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்தபிறகே வலி வேகமெடுக்கும். அதற்குள் வலியைக் கூட்டும் ஊசி போடச் சொல்லி நச்சரிப்பது பெரும்பாலும் நம்மாட்கள்தான்! அந்த ஊசியால் கருப்பை ஓயாமல் இறுகினால் பிள்ளைக்கு ஆக்சிஜன் குறையும். சிக்கலில்லாதவர்களுக்கு உள்பரிசோதனை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். சொல்லிவிட்டு, திரையை இழுத்துவிட்டுச் செய்யணும். அதட்டல் எதற்கு? நடக்கலாம், இளநீர் குடிக்கலாம்.

பிள்ளை பிறந்த 1 நிமிடத்துக்குள் தாய்க்குத் தொடையில், கருப்பையைச் சுருங்கவைத்து ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட். தொப்புள்கொடியை 1 நிமிடமாவது பொறுத்தே வெட்டணும். பிறகு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கருப்பை தேங்காய் மாதிரிக் கெட்டியாக இருக்கணும். தொளதொளவென்று இருந்தாலோ, துணி ரத்தத்தில் சீக்கிரம் நனைந்தாலோ உடனே நர்ஸம்மாவைக் கூப்பிடுங்கள்.