பழைய பூச்சிமருந்துக் கிடங்கைத் திறக்கும் முன்

பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் மருந்துக் கிடங்கைக் காலி செய்யலாம் என்று முடிவானதும், முதலில் வரும் யோசனை குழி தோண்டிப் புதைப்பது. அடுத்தது எரித்துவிடுவது. இந்த இரண்டையும் தடுத்து நிறுத்திவிட்டால் வேலையில் பாதி முடிந்த மாதிரி. பத்து டன் மருந்தைப் புதைத்தால், டிரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் சுற்றியுள்ள மண்ணும் நஞ்சாகும். பிறகு தோண்டி எடுக்க வேண்டியது பல மடங்காகிவிடும். திறந்த வெளியில் எரித்தால் குளோரின் கலந்த மருந்துகளிலிருந்து டையாக்சின் என்ற கொடிய நஞ்சு கிளம்பும். கையில் இருந்த நஞ்சு காற்றில் போய்விடும். திரும்பப் பிடிக்க முடியாது.

வேளாண்மையை நம்பி வாழும் வளரும் நாடுகளில் இந்தச் சரக்கு சேர்ந்த விதம் ஏறக்குறைய ஒன்றுதான். வெட்டுக்கிளி வருகிறது என்று அவசரமாக வாங்குவார்கள். மருந்து வந்து சேர்வதற்குள் கூட்டம் கடந்துபோயிருக்கும். நன்கொடையாக வந்தது தேவைக்கு மேல் இருக்கும். அரை ஏக்கர் விவசாயிக்கு 200 லிட்டர் டிரம்மில் மருந்து வந்தால் அதை யார் பிரித்துக் கொடுப்பது? பெயர்ச்சீட்டு உள்ளூர் மொழியில் இருக்காது. சில மருந்துகள் தடையால் தேங்கின. 2001-இல் ஏற்கப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்த, எளிதில் சிதையாத நஞ்சுகளைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஆல்ட்ரின், டையெல்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகளை விலக்கியது. 2011-இல் எண்டோசல்ஃபானும் பட்டியலில் சேர்ந்தது. முந்தின பருவம் வரை விற்ற சரக்கு கழிவாக மாறியது.

காலாவதி தேதி முடிந்ததெல்லாம் கழிவாகிவிடாது. பெரும்பாலான மருந்துகளுக்கு இரண்டு ஆண்டு ஆயுள் என்று அச்சிட்டிருப்பார்கள். தடையில்லாத மருந்தாக இருந்து, மூடி திறக்காமல், நிழலில் இருந்திருந்தால் ஆய்வகத்தில் பூச்சியைக் கொல்லும் மூலப்பொருளின் அளவையும், நீரில் கலந்து நிற்கும் தன்மையையும் சோதித்துப் பயன்படுத்த முடிகிற சரக்கு இருக்கும். கண்ணால் பார்த்து மட்டும் இதை முடிவு செய்யக் கூடாது. மாலத்தியான் என்ற பூச்சிமருந்து வெப்பத்தில் கிடந்தால் அதில் ஒரு பகுதி ஐசோமாலத்தியான் என்ற வேறு பொருளாக மாறும். அது மூல மருந்தின் நச்சுத்தன்மையைப் பல மடங்கு கூட்டும். 1976-இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்கு மாலத்தியான் தெளித்த தொழிலாளர்களில் ஏறத்தாழ 2,800 பேர் நஞ்சேறி நோயுற்றார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மூலப்பொருளின் அளவை மட்டும் அளந்து விட்டால் இந்த ஆபத்து சோதனையில் தெரியாது.

கணக்கெடுப்பில்தான் நேரம் செலவிட வேண்டும். பழைய இருப்புப் பதிவேட்டை நம்பி எழுதிய பட்டியல் பெரும்பாலும் தப்பாகவே இருக்கும். ஒவ்வொரு டிரம்முக்கும் மூட்டைக்கும் எண் போட்டு, பெயர், மூலப்பொருள், வடிவம், தயாரிப்புத் தேதி, கொள்கலனின் நிலை, கசிவு, மீதமிருக்கும் அளவு, நின்ற இடம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். ஒளிப்படம் கட்டாயம். பெயர்ச்சீட்டு இல்லாததை 'தெரியாதது' என்றே எழுத வேண்டும். பக்கத்து டிரம் என்னவோ அதுவே இதுவும் என்று ஊகித்து எழுதுவது இந்த வேலையில் மன்னிக்க முடியாத தப்பு. அதன் பிறகு எந்தக் கிடங்கை முதலில் காலி செய்வது என்ற வரிசை வரும். மருந்தின் நச்சுத்தன்மையும் கசிவும் ஒரு பக்கம். கிணறு, பள்ளி, வீடு, வெள்ளம் வரும் தாழ்வான இடம் ஆகியவை மறுபக்கம். சரக்கு நிறைய இருக்கும் கிடங்கே முதலில் என்று நினைக்கத் தோன்றும். கிணற்றை ஒட்டியுள்ள அறையில் கசியும் மூன்று டிரம்கள் அதை முந்திவிடும்.

உள்ளே போகுமுன் கதவு, சன்னல்களைத் திறந்து காற்றோட விட வேண்டும். கரிம ஆவிக்கும் தூசிக்கும் ஏ2பி3 வடிகட்டியுள்ள முழு முகக்கவசம், நைட்ரைல் கையுறை, ரசாயனம் ஊடுருவாத உடுப்பு, ரப்பர் பூட்ஸ் வேண்டும். தானியப் பூச்சிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை உள்ள கிடங்கில் இந்த வடிகட்டி போதாது. ஈரம் பட்டால் 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் பாஸ்பீன் என்ற நச்சு வாயு வரும். ஒழுகும் கூரையின் கீழ் அந்த டப்பாக்களைப் பார்த்தால் வேலையை நிறுத்திவிட்டு அவற்றைத் தனியாகத்தான் கையாள வேண்டும். உப்பிய டிரம்மும், துருப்பிடித்த வால்வுள்ள மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு உருளையும் அப்படித்தான். நிபுணர் வரும்வரை தொடக் கூடாது.

கசியும் டிரம்மைக் காலி செய்ய முடியவில்லை என்றால் அதையே பெரிய மீட்பு டிரம்முக்குள் வைத்து, இடைவெளியை உறிஞ்சுபொருளால் நிரப்புவார்கள். எந்த உறிஞ்சுபொருள் என்பதில் கவனம் தேவை. சோடியம் குளோரேட் களைக்கொல்லியோடு மரத்தூள் சேர்ந்தால் தீப்பிடிக்கும். மானெப் போன்ற பூஞ்சைக்கொல்லித் தூள் நனைந்தால் தானே சூடேறும். திரவத்தைப் புது டிரம்முக்கு மாற்றும்போது வாய்வரை நிரப்பக் கூடாது. வெயிலில் திரவம் விரியும். அதற்கு இடம் விட வேண்டும். ஒரு வகை மருந்துக்குப் பயன்படுத்திய பம்பை அடுத்த வகைக்குப் போடக் கூடாது. சிந்திய தூளைத் துடைப்பத்தால் பெருக்கினால் அது காற்றில் எழும். நுண்வடிகட்டியுள்ள உறிஞ்சு இயந்திரம் சரியானது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் நூறு கிலோ கழிவு ஆயிரம் லிட்டர் கழிவாகிவிடும்.

மனிதர்களின் உடலை இந்த வேலையில் மறந்துவிடுகிறார்கள். முழு உடுப்போடு வெயிலில் நின்றால் மருந்துக்கு முன் வெப்பமே ஆளைச் சாய்த்துவிடும். விடியற்காலையில் தொடங்கி, அடிக்கடி இளைப்பாற விட வேண்டும். மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள், நரம்புக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கும். அவற்றைக் கையாளுபவர்களுக்கு வேலை தொடங்குமுன் இரத்தத்தில் அந்த நொதியின் அளவு எடுத்திருக்க வேண்டும். அது 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அவரை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும். முதல் அளவே எடுக்காமல் இருந்தால் பிறகு எடுப்பதை எதோடு ஒப்பிடுவது?

அழிப்பதற்கான உலை பெரும்பாலும் வேறு நாட்டில்தான் இருக்கும். குளோரின் ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ள கழிவுக்கு 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பம், வாயு குறைந்தது இரண்டு விநாடி அந்த வெப்பத்தில் நிற்கவேண்டும், வெளியேறும் புகைக்குச் சுத்திகரிப்பும் வேண்டும். மருத்துவமனைச் சிற்றுலை இதைத் தாங்காது. சிமென்ட் உலை தாங்கும். ஆனால் மருந்தை முதன்மைச் சுடர் எரியும் முனையில் செலுத்த வேண்டும். சிமென்ட் செய்யும் கல் பொடியோடு மறுமுனையில் கொட்டினால் வெப்பம் ஏறுமுன்பே ஆவியாகிப் புகைபோக்கி வழியே போய்விடும்.

வெளிநாட்டுக்கு அனுப்ப, நச்சுக் கழிவு நாடு கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கைப்படி அனுப்பும் நாடு, வழியில் கடக்கும் நாடுகள், பெறும் நாடு எல்லாம் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். இதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஒப்புதல் கேட்டு அனுப்பிய அறிவிப்பில் எழுதிய அளவை மீறி எடை வந்தால் மீண்டும் முதலிலிருந்து. புது டிரம், உறிஞ்சுபொருள், கழிவான கையுறை, உடுப்பு இவற்றின் எடையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். அதை விட்டுவிட்டுத் தவிக்கும் நிலை அடிக்கடி வருகிறது.

கடைசி டிரம் வண்டியேறிய பிறகும் கிடங்கு பாக்கி இருக்கிறது. தரையின் சிமென்ட் விரிசலில் மருந்து ஊறியிருக்கும். ஆர்கனோபாஸ்பேட்டைச் சலவைச் சோடா சிதைக்கும். டிடிடி அதற்கு மசியாது. சோடா போன்ற காரத்தில் டிடிஈ என்ற இன்னொரு நஞ்சாக மாறி அப்படியே நீடிக்கும். ஆகவே தரையைப் பெயர்த்தெடுத்து அதையும் கழிவாகக் கணக்கிட வேண்டியிருக்கலாம். வாசலின் மண்ணிலும் பக்கத்துக் கிணற்று நீரிலும் மாதிரி எடுத்துச் சோதித்து முடிவு வரும்வரை பூட்டு கிடக்கட்டும். அறை காலியாக இருக்கிறதே என்று தானியமோ விதையோ அடுக்க யாராவது வருவார்கள். சாவியை யார் வைத்திருக்கிறார் என்பதையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.