லடாக் வண்டியும் மூணடி கேட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. தக்கலை பக்கம் ஒரு வீட்டு முற்றம். நடுவில் ஹிமாலயன் 450 பைக், அதைச் சுற்றி ஏழு அட்டைப்பெட்டி. வீட்டுக்கு முன்னால் ஸ்கூட்டி காலத்தில் வைத்த இரும்பு கேட், அகலம் சரியாக மூணடி. இந்தக் கேட்டை இப்போதைக்கு மறந்துவிடலாம், அந்தப் பையனும் மறந்துதான் போனான்.

பையனுக்கு லடாக் போகணும். என்.எச். 44 ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற ரோடு, 3,700 கிலோமீட்டருக்கு மேல். வடக்கே இருந்து வருகிறவன் அதை முழுசா ஓட்டி முடித்து முனையில் நின்று போட்டோ எடுக்கிறான். நம்ம பையனுக்கு எதையும் ஓட்டாமலே முதல் நாளே அந்தப் போட்டோ எடுக்கிற வசதி. அதற்கு முன்னால் வண்டி 'ரெடி' ஆகணும். வண்டி விழுந்தால் எஞ்சினைக் காக்கிற கிராஷ் கார்டு, எஞ்சினுக்கு அடியில் மாட்டுகிற பேஷ் பிளேட் தகடு, ஹேண்டிலை உயர்த்துகிற ரைசர், ஃபாக் லைட் ஒரு ஜோடி, பின் ராக், சைடு ஸ்டாண்டுத் தட்டு, அலுமினியப் பெட்டி ரெண்டு. கூடவே ஒரு மாமா. அவர் பார்சலில் வரவில்லை, சாயா குடிக்க வந்தவர், முன்னொரு காலத்தில் ராஜ்தூத் பைக் வைத்திருந்தவர்.

"மக்ளே, ராஜ்தூத்துல இதொண்ணும் கெடையாது, பாத்துக்கோ."

"மாமா, நீங்க அந்தக் கார்டை மட்டும் புடியுங்க."

கிராஷ் கார்டில் இருந்துதான் வம்பு ஆரம்பம். பல கார்டுகள் தனி இடத்தில் உட்காராது, எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கிற போல்ட்டிலேயே பங்கு கேட்கும். பழைய போல்ட்டை உருவிவிட்டு, கிட்டில் வருகிற நீள போல்ட்டைக் கார்டோடு சேர்த்துப் போடணும். உருவுவது சுலபம். உருவின உடனே எஞ்சின் ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, போல்ட்டுக்குத் தெரியும். புது போல்ட் பாதி போய் நிற்கும். அப்போதுதான் மாமா சுத்தியலைத் தேடுவார். சுத்தியல் அடித்தால் போல்ட் முனை காளான் மாதிரி விரியும், மரை நசுங்கும், அப்புறம் அது முன்னாலும் போகாது பின்னாலும் வராது. லேத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார்.

செய்ய வேண்டியது என்னவென்றால், எஞ்சினுக்கு அடியில் ஒரு மரக்கட்டை, அதற்கடியில் கார் ஜாக்கி. ஜாக்கியைப் பாரம் ஏறுகிற வரைக்கும் மட்டும் திருப்பணும். வண்டி தூக்கக் கூடாது, எஞ்சின் இறங்கவும் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு போல்ட் மட்டும் கழற்றணும். நுழையாவிட்டால் ஜாக்கியைக் கால் சுற்று ஏற்றியோ இறக்கியோ பார்த்தால், போல்ட் விரலாலேயே உள்ளே போகும். அது போகிற போக்கைப் பார்த்தால் மாமாவே சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார்.

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ரெண்டு மூணு மரை மட்டும் ஏற்றி வைத்து, கார்டு ரெண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, கடைசியில்தான் முறுக்கணும். ஒரு பக்கம் முழுசா இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஓட்டை விலகி நிற்கும். அதை இழுத்துப் பிடித்து மாட்டினால் கார்டு எப்போதும் ஸ்பிரிங் மாதிரி விறைத்து நின்று, 4,000 ஆர்.பி.எம்.மில் கொசு மாதிரி ரீங்காரம் போடும். முறுக்கு அளவு எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், எம்8க்கு 22 முதல் 25. எஞ்சின் போல்ட்டுக்கு மேனுவல் சொல்வதுதான். மாமாவின் அளவு "கை வலிக்கும்வரை". அந்த அளவில் அலுமினியத்தில் ஏற்றின எம்6 மரை மாவாகக் கையோடு வரும்.

இன்னொன்று நம்ம மாவட்டத்துக்கென்றே சொல்ல வேண்டியது. பளபளவென்று இருக்கிறதே என்று எவர்சில்வர் போல்ட் வாங்கி அலுமினியத்தில் போடுவோம். மணக்குடி, முட்டம், குளச்சல் என்று எங்கே திரும்பினாலும் உப்புக்காற்று. ரெண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி, அரிபடுவது அலுமினியம். ரெண்டு மழைக்காலம் கழிந்தால் வெள்ளைப் பொடி பூத்து போல்ட் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். மரையில் ஆன்டி-சீஸ் கிரீஸ் கொஞ்சம் தடவினால் போதும். ஆனால் கிரீஸ் தடவின மரை வழுக்கும். அதே முறுக்கில் இறுக்கம் கூடிவிடும், அதனால் முறுக்கை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கணும். அதிரும் இடங்களில், இரும்பில் இரும்பு போகிற போல்ட்டுக்கு, மரை கழலாமல் பிடிக்கிற பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு. ரெண்டையும் ஒரே போல்ட்டில் போடுகிறவர்களும் உண்டு. அது பசையும் எண்ணெயும் ஒரே கிண்ணத்தில்.

பேஷ் பிளேட்டுக்கு நாலே போல்ட், ரப்பர் வாஷர் மறக்காதே, ஆயில் இறக்குகிற ஓட்டை நேராக இருக்கிறதா பார். அவ்வளவுதான். ரப்பர் தோட்டத்துச் சேறு அதில் தங்கும், வாரம் ஒருமுறை தண்ணீர் அடிக்கணும்.

ரைசர் 30 மில்லிமீட்டர். நின்று ஓட்டுகிறவனுக்கு நல்லது, மாமா கேட்ட "நின்னுட்டு எதுக்கு ஓட்டணும்?" என்பதற்குப் பதில் இல்லை. இந்த வண்டியில் ஆக்சிலேட்டருக்குக் கேபிள் கிடையாது, ஒயர்தான். ஆனால் கிளச் கேபிள், முன் பிரேக் ஹோஸ், சுவிட்ச் ஒயர் எல்லாம் 30 மில்லிமீட்டர் மேலே ஏறணும். ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி திருப்பிப் பார்த்து எதுவும் விறைக்கவில்லை என்றால் சரி. கிளச் கேபிள் விறைத்தால் கிளச் பாதி பிடித்தபடியே இருக்கும், பேச்சிப்பாறை தாண்டி மலை ஏறும்போது எஞ்சின் மட்டும் அலறும், வண்டி போகாது. ஆக்சிலேட்டர் கேபிள் உள்ள வண்டியில் இன்னும் மோசம். ஐடிலில் நிறுத்தி ஹேண்டிலைத் திருப்பும்போது ஆர்.பி.எம். ஏறினால் கேபிள் பத்தவில்லை என்று அர்த்தம். இதைப் பார்க்காமல் வடசேரி வளைவில் போய்த் திரும்பினால் வண்டி தானாக வேகம் எடுக்கும், முன்னால் நிற்பது எப்போதும் பஸ்தான்.

பத்தரைக்கு லைட் பெட்டி பிரிந்தது. மாமா முழு உற்சாகத்துக்கு வந்தது இங்கேதான், வயரிங் அவருக்குத் தெரியும்.

"ஹாரன் ஒயரைச் சீவி, ரெண்டையும் முறுக்கி, டேப் சுத்து. முடிஞ்சி."

"ரிலே இருக்கு மாமா."

"ரிலே எதுக்குலே? தந்தி ஆபீசா வைக்கப் போற?"

ரிலே என்பது சின்னக் கரன்ட் வந்தால் பெரிய கரன்ட்டுக்கு வழி திறக்கிற சுவிட்ச். அது எதுக்கு என்றால், லைட்டுக்குப் போகிற கரன்ட் சாவி, சுவிட்ச், கம்பெனி ஒயர் எதையும் தொடாமல் பேட்டரியில் இருந்து நேராகப் போகணும். நாலு கால் ரிலேயில் 30-வது காலுக்கு பேட்டரி பிளஸ், வழியில் ஃபியூஸ். 87-வது கால் லைட்டுக்கு. 86-வது காலுக்கு, சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற பார்க்கிங் லைட் ஒயரில் இருந்து ஒரு கிளை, இடையில் சுவிட்ச். 85-வது கால் எர்த். ரிலேயின் காயில் இழுப்பது ஒரு ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது, அதனால் கம்பெனி ஒயருக்கு வலி தெரியாது. சாவி எடுத்தால் லைட்டும் அணையும், காலையில் செத்த பேட்டரியோடு தள்ளிக்கொண்டு போக வேண்டாம்.

லைட் ஒன்றுக்கு 20 வாட், ரெண்டுக்கு 40. பன்னிரண்டு வோல்ட்டில் மூணேகால் ஆம்பியர் சொச்சம். 5 ஆம்பியர் ஃபியூஸ், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸில் இருந்து ஒரு சாணுக்குள் இருக்கணும். லைட் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் உரசித் தீப்பிடிக்கும்போது ஃபியூஸ் பத்திரமாக இருக்கும். பெட்டியில் 120 வாட் என்று போட்டிருக்கும், நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து ஒயரோடு தொடராகக் கோத்துப் பார்த்து, காட்டுகிற ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால், பாதிக்கு மேல் 18, 20 வாட் என்றுதான் வரும்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றுகிற கதைக்கு வருவோம். உப்புக்காற்றில் அந்த டேப்பின் பசை ஒரு வெயில் காலத்தில் வெல்லப்பாகு ஆகிவிடும். உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு ஏறும், தடை கூடும், இணைப்பு சூடாகும். சாலிடர் வைத்தால் தீர்ந்தது என்பார்கள். ஈயம் ஒயருக்குள் ஊறிப்போய் அந்த இடம் கம்பி மாதிரி விறைக்கும், அதிர்வில் அது முடிகிற இடத்தில் ஒடியும். கிரிம்பிங் பிளையரால் கவ்வி, சூட்டில் சுருங்குகிற, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுத் தீ காட்டினால் வருஷக்கணக்கில் கிடக்கும். ஸ்லீவ் சுருங்கும்போது ரெண்டு முனையிலும் பசை ஒரு துளி வெளியே கசியணும். கசிந்தால் தண்ணீர் போகாது. பையன் தீப்பெட்டியை உரசி அதைச் செய்தான், மாமா அதே தீயில் பீடி பற்றவைத்தார், பெட்ரோல் டேங்கின் மேல் குனிந்து. தீப்பெட்டி அத்தோடு பறிமுதல் ஆனது.

லைட் எரிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி முனையில் வோல்ட் பார்க்கணும். 13.5 முதல் 14.5 வரை சரி. 13-க்குக் கீழே போனால் பேட்டரியைத் தின்று எரிகிறது. லைட்டைக் குனிய வைக்கிற கணக்கு சுலபம். 7.5 மீட்டர் தள்ளி ஒரு சுவர். லைட் இருக்கிற உயரத்தைவிட ஒரு சாண் கீழே வெளிச்சத்தின் நடு விழணும். லைட் 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அது 30 மீட்டரில் தரையைத் தொடும். இதைச் செய்யாமல் மார்த்தாண்டம் பாலத்தில் ஏறினால் எதிரே வருகிறவர் நம்ம தாத்தாவரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் போவார்.

அடுத்தது சைடு ஸ்டாண்டுத் தட்டு. மண்ணில் ஸ்டாண்டு புதையாமல் இருக்க, அடியில் அகலமாக ஒரு தகடு. கம்பெனித் தட்டு நாலு மில்லிமீட்டர். "தேங்காப்பட்டணம் மணலுக்கு இது காணாது" என்று மாமா தன் வீட்டில் இருந்து பத்து மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்றைக் கொண்டுவந்து அதற்கடியில் போல்ட் போட்டார். ஸ்டாண்டில் நிற்கிற வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்கணும். அந்தச் சாய்வுதான் அதன் பிடிமானம். அடியில் தட்டு தடிக்கத் தடிக்க வண்டி நிமிரும். பின்னால் சாமான் ஏறினால் ஷாக் அமுங்கி வண்டி தாழும், ஸ்டாண்டு நீளம் அப்படியே இருக்கும், இன்னும் நிமிரும். இந்த வண்டி இப்போது அணிவகுப்பில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி நின்றது. சாயாக் கிளாஸை டேங்கில் வைக்க மாமா இடது பக்கம் இருந்து லேசாகத் தொட்டார்.

196 கிலோ, வலது பக்கம், மெதுவாக. முதல் விபத்து, வேகம் பூஜ்யம். கிராஷ் கார்டு வேலை செய்தது. சாயா போனது.

விழுந்த வண்டியைக் கையால் இழுத்துத் தூக்கினால் இடுப்பு போகும். வலது பக்கம் விழுந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிடணும், இல்லாவிட்டால் தூக்குகிற வேகத்தில் அது அந்தப் பக்கம் விழும். கியரில் போடணும். அப்புறம் சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டில் நுனி, மறு கை பின் ராக், காலால் எழும்பிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்கணும். மாமா முன்னால் நின்று "ஏலேலோ" சொன்னார், அதுவும் கொஞ்சம் உதவியது. பத்து மில்லிமீட்டர் தகடு கோழிக்கூட்டு வாசலுக்குப் போனது.

ராக்கும் பெட்டியும் மாட்டும்போது ஒரு கணக்கு. பின் ராக்கில் பெரும்பாலும் 5 கிலோ, 7 கிலோ என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பின் அச்சுக்கு 40 சென்டிமீட்டர் பின்னால் 10 கிலோ வைத்தால் முன் சக்கரத்தில் ரெண்டரை கிலோவுக்கு மேல் குறையும், அது பின்னால் கூடும். மூத்த ஆட்கள் 15 கிலோ நேந்திரன் குலையையே அங்கே கட்டுவார்கள். அது ஆரல்வாய்மொழி வரைக்கும் சரி. முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. ஆடிக் காற்றில் முன் சக்கரம் லேசான வண்டி, ரெண்டு பக்கமும் பாய்மரம் மாதிரிப் பெட்டி, ஹேண்டில் தானாகத் தலையாட்டும். கனத்தைப் பெட்டியின் அடியில், முன்பக்கம் தள்ளி வைக்கணும். பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கிற ப்ரீலோடைக் கூட்டணும். வேகத்தை 70-க்குள் வைக்கணும்.

எல்லா போல்ட்டும் முடிந்த பிறகு தங்கச்சியின் நகப்பூச்சு எடுத்துத் தலையில் இருந்து தகடு வரைக்கும் ஒரு கோடு. கோடு விலகினால் போல்ட் கழன்றிருக்கிறது. முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை கட்டாயம் பார்க்கணும். தங்கச்சி பாட்டிலைத் தேடி வந்தது ஒரு மணிக்கு.

அதற்குள் அடுக்களையில் இருந்து குரல். "மக்ளே, குளச்சல் மீனு வந்திருக்காம். சாளை ரெண்டு கிலோவும் ஒரு சீப்பு மட்டிப் பழமும் வேண்டிட்டு வா. புது வண்டியிலதானே போற."

பையன் ஹெல்மெட் மாட்டி, லைட் போட்டு, கேட்டுக்கு வந்தான். ஹேண்டில்பார் 85 சென்டிமீட்டர், கேட் 91. ரெண்டு பக்கமும் ரெண்டு விரல்கடை மிச்சம். ஹேண்டில் போனது. டேங்க் போனது. டங் என்று ஒரு சத்தம். பெட்டியோடு சேர்த்து வண்டி 102.

"கேட்டை வெட்டிருவோம். லடாக்குக்கு எப்படியும் வேணும்லா" என்றார் மாமா.

பெட்டியைக் கழற்றிவிடலாம். அதற்கென்று கையால் திருகுகிற குமிழ் ஒன்று பெட்டிக்குள்ளேயே வரும். ஆனால் கள்ளன் எடுத்துவிடுவானே என்று மாமா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்பானர் இல்லாமல் கழலாத நைலாக் நட் போட்டிருந்தார். பெட்டிக்கு நாலு, மொத்தம் எட்டு. 13 ஸ்பானர் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வண்டி கேட்டில் அடைத்துக்கொண்டு நிற்பதால் வெளியே இருக்கிற நட்டுக்கு மதில் ஏறிக் குதித்துப் போகணும்.

அம்மை பின்வாசல் வழியாக ஸ்கூட்டியை இறக்கி, சந்தைக்குப் போய், விலை பேசி, மீன்காரம்மாவிடம் ஊர் வம்பும் கேட்டுத் திரும்பி வரும்போது ஆறாவது நட்டு ஓடிக்கொண்டிருந்தது. மீன் பையைக் கொக்கியில் இருந்து எடுத்து, தரையில் கிடந்த பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"அண்ணே, இது கொள்ளாமே. இதுல ஐஸ் நிக்குமா?"